மனம்விட்டுப் பேச ஒரு வாட்ஸ்அப் குழு: மூடுவதா, மாற்றுவதா?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். மனசு சரியில்லாத நாளில் யார் வேண்டுமானாலும் இங்கே கொட்டலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டோம் என்பது மட்டுமே விதி. ஒருவர் இன்னொருவரைச் சேர்த்து இப்போது 58 பேர் ஆகிவிட்டோம். 15 வயது மாணவியும் இருக்கிறாள், 71 வயதுப் பெரியவரும் இருக்கிறார். சில பதிவுகளுக்குப் பத்துப் பேர் அறிவுரை சொல்கிறார்கள். சிலவற்றை எல்லாரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒருவர் மூன்று மாதமாகத் தினமும் இரவு தன் மேலதிகாரியைப் பற்றி ஒரே புலம்பலை எழுதுகிறார். பெரியவர்கள் காலை வணக்கப் படங்களாக அனுப்பித் தள்ளுகிறார்கள். போன வாரம் ஒருவர் இரவு ஒன்றரை மணிக்கு "இனி எதுவும் வேண்டாம், எல்லாம் போதும்" என்று எழுதிவிட்டு மறுநாள் மதியம்வரை போனை எடுக்கவில்லை. நல்லவேளை, தூங்கிப்போயிருந்தார். அன்றிலிருந்து நான் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போனைப் பார்க்கிறேன். எங்களில் யாரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. படிக்காதவர்கள் இதைச் செய்யலாமா? மூடிவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மூட வேண்டாம். ஆனால் இப்போதிருக்கிற வடிவத்தில் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் நடத்தவும் வேண்டாம். உங்கள் குழுவில் நல்ல மனசுக்குக் குறைவில்லை. யார், எப்போது, எப்படிப் பதில் சொல்வது என்கிற ஏற்பாடுதான் இல்லை. ஆறு பேர் இருந்தபோது அது தேவைப்பட்டிருக்காது. 58 பேருக்கு அது இல்லாமல் முடியாது.

படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்கிற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரில் தேடி வந்தவர்களும் உண்டு. அவர் உள்ளே ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, வெளியே காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். அந்தப் பேச்சிலேயே மனம் தேறி, அவரைப் பார்க்காமலே பலர் திரும்பிவிட்டார்கள். இதைக் கவனித்த வாரா, அடுத்த ஆண்டே பேசும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் கொடுத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு வளர்ந்த கதை இது. இன்றும் அங்கே போன் எடுப்பவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி எடுத்துக்கொண்டு, முறை வைத்து உட்காரும் சாதாரண மனிதர்கள். ஆக, படிக்காதவர்கள் செய்யலாம். முறையில்லாமல் செய்யக் கூடாது.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் செய்தி. "எல்லாம் போதும்", "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" போன்ற வரிகளைப் பார்த்தால், குழுவில் ஆறுதல் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே தனியாகக் கூப்பிட வேண்டும். பேசும்போது சுற்றி வளைக்காமல், "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, ஒருவராவது நேராகக் கேட்டாரே என்று பலருக்கு மூச்சு வருகிறது. "ஆமா" என்று பதில் வந்தால் அடுத்த கேள்விகள் மூன்று: எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள். பொருள் இருந்தால், அதை வீட்டில் இன்னொருவர் வாங்கி அப்புறப்படுத்தும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பொறுப்பாளர் அவருடைய குடும்பத்தாரையோ உங்கள் பகுதியின் அவசர எண்ணையோ கூப்பிட வேண்டும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அவர் கேட்பார். சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உங்க உயிர் விஷயத்தை மட்டும் நான் ரகசியமா வச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இது நடக்க வேண்டுமானால் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். போன வாரம் நீங்கள் தவித்ததற்குக் காரணம், அவர் வீட்டில் வேறு யாரைக் கூப்பிடுவது என்று உங்களுக்குத் தெரியாததுதான். எனவே ஒவ்வொருவரிடமும் மூன்றே விவரம் வாங்குங்கள்: இருக்கும் பகுதி, அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் பெயர், அவரது எண். இதைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும். தர மறுப்பவரைச் சேர்க்க வேண்டாம். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் எட்டிப்பிடிக்க வழியில்லாத ஒருவருக்குத் துணை நிற்பதாக நாம் வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் குழுவின் விவரக் குறிப்பில் போட்டுவையுங்கள். அது இன்னும் இயங்குகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

அடுத்தது அந்த 15 வயது மாணவி. அவளை இன்றே பெரியவர்கள் குழுவிலிருந்து பிரித்துவிடுங்கள். பெரியவர்களின் தாம்பத்தியச் சண்டைகளை அவள் படிக்கிறாள் என்பது பாதிக் காரணம்தான். வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். மனம் உடைந்து எழுதும் ஒரு சிறுமிக்கு, முகம் தெரியாத 57 பேரில் எவரும் தனியாகச் செய்தி அனுப்பலாம். தவறான நோக்கமுள்ளவர்கள் தேடுவது இப்படி உடைந்த நேரத்தைத்தான், தொடக்கமும் பெரும்பாலும் "என்கிட்ட மட்டும் சொல்லு" என்பதுதான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனிக் குழு வேண்டும். அதில் பெரியவர்கள் சரியாக இருவர், இருவருமே எல்லாச் செய்தியையும் பார்ப்பவர்கள், பெற்றோருக்கு அறிமுகமானவர்கள். தனிச் செய்தி கிடையாது, எந்தக் காரணத்துக்காகவும். அவசரம் என்றால் மூவர் இணைந்த அழைப்பு. அப்படிப்பட்ட இருவர் கிடைக்கவில்லையா, சிறுவர்களுக்கான குழுவே வேண்டாம். அவளுடைய பள்ளி ஆலோசகரிடமோ, வீட்டில் அவள் நம்பும் ஒருவரிடமோ சேர்த்துவிடுவதே மேல். அவளிடம் விளக்காமல் திடீரென நீக்கிவிடாதீர்கள். தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள்.

மீதி 57 பேரை ஐந்து சிறு குழுக்களாகப் பிரியுங்கள், அவற்றை அறைகள் என்று வைத்துக்கொள்வோம். நேரில் கூடும் சிகிச்சைக் குழுக்களுக்கு ஏழெட்டுப் பேர் சிறந்தது என்று மனநல மருத்துவர் இர்வின் யாலோம் எழுதியிருக்கிறார். எழுத்தில் நடக்கும் குழுவில் ஒரே நேரத்தில் எல்லாரும் இருப்பதில்லை என்பதால் பத்துப் பன்னிரண்டு வரை போகலாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும், "வேறு யாராவது சொல்வார்கள்" என்று நினைப்பார்கள், கடைசியில் யாரும் சொல்ல மாட்டார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் கூடக்கூட உதவி குறைகிறது என்று உளவியலாளர்கள் டார்லியும் லாட்டனேவும் 1968-லேயே சோதித்துக் காட்டியது இதைத்தான். நேரில் மௌனமாக உட்கார்ந்திருப்பவர் தலையையாவது ஆட்டுவார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால், எழுதியவர் அதைப் படிக்கும் விதமே வேறு: "பார்த்தும் ஒருத்தரும் கண்டுக்கல."

வயதுவாரியாகப் பிரிக்காதீர்கள். எழுபது வயதுக்காரரும் முப்பது வயதுக்காரரும் ஒரே அறையில் இருப்பது உங்கள் குழுவின் பெரிய பலம். பிரிப்பதானால் சூழ்நிலையை வைத்துப் பிரியுங்கள்: வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்கள், தனியாக வசிப்பவர்கள், வேலை நெருக்கடியில் இருப்பவர்கள் என்று. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் உடைவதில்தான் இத்தகைய குழுவின் பாதிப் பலன். எழுதாமல் படிக்க மட்டும் செய்பவர்களுக்கும் அந்தப் பலன் கிடைக்கிறது. அவர்களை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், "செயலற்ற உறுப்பினர்" என்று நீக்கவும் வேண்டாம்.

ஒவ்வோர் அறையிலும் நாளுக்கு ஒருவர் முறைக்காரர். அவருடைய வேலை எல்லாவற்றையும் தீர்ப்பது இல்லை, முதல் பதிலைப் போடுவது மட்டுமே. நேரத்தையும் எழுதிவையுங்கள்: காலை 7 முதல் இரவு 10 வரை, அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் ஒரு பதில் வரும், இரவு 10-க்கு மேல் யாரும் பார்க்க மாட்டோம், அவசரத்துக்கு இந்த எண். இரவில் ஆள் இல்லை என்று தெரிந்திருந்தால், தவிப்பவர் உதவி எண்ணையோ வீட்டில் இருப்பவரையோ கூப்பிடுவார். இருப்பார்கள் என்று நம்பி எழுதிவிட்டுக் காத்திருப்பதுதான் ஆபத்து.

முதல் பதில் எப்படி இருக்க வேண்டும்? ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். "இன்னிக்கும் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினேன். பாத்ரூம்ல போய் அழுதேன். என்மேலயே வெறுப்பா இருக்கு." இதற்குக் குழுக்களில் வழக்கமாக வரும் பதில்கள் இவை: "எல்லாம் சரியாயிடும், பாசிட்டிவா இருங்க." "இதுக்கெல்லாமா அழுவாங்க?" "அந்த வேலையே வேணாம், விட்டுடுங்க." "எனக்கு இதைவிட மோசமா நடந்திருக்கு." அப்புறம் நான்கு நிமிட ஆடியோ ஒன்று.

முதலாவது, இனி பேச வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது, ஏற்கெனவே தன்னை வெறுப்பவரிடம் அந்த வெறுப்பு நியாயம்தான் என்கிறது. மூன்றாவது, அவருடைய வீட்டுக் கடன், பிள்ளை, வயது எதுவும் தெரியாமல் கொடுக்கும் தீர்ப்பு. நான்காவது, பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. ஆடியோவில் தப்பில்லை, ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்தில் அவரால் அதைக் கேட்க முடியாது. ஒரு நிமிடத்துக்குள் முடித்து, கீழே ஒரு வரியில் என்ன சொன்னோம் என்று எழுதினால் போதும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "எல்லார் முன்னாடியும்னா ரொம்ப அவமானமா இருந்திருக்கும். அழுகை வந்ததுல ஆச்சரியமே இல்லை. இப்ப வீட்டுக்கு வந்துட்டீங்களா, கூட யாராவது இருக்காங்களா? நாங்க கேட்டா மட்டும் போதுமா, இல்ல நாளைக்கு என்ன பண்றதுன்னு சேர்ந்து யோசிக்கலாமா?" நான்கு வரிதான். முதல் வரி உணர்ச்சிக்குப் பெயர் வைக்கிறது. பெயர் வைத்ததும் உணர்ச்சியின் வேகம் தணிவதை மூளை ஸ்கேனிலேயே உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் காட்டியிருக்கிறார்கள். அதற்காக ஊகத்தைத் தீர்ப்பாகச் சொல்லிவிடக் கூடாது. "இருந்திருக்கும்" என்று விட்டால், "அவமானம் இல்லை, கோபம்தான்" என்று திருத்த அவருக்கு இடம் இருக்கும். இரண்டாவது வரி அழுததை இயல்பாக்குகிறது. மூன்றாவது, இப்போதைய நிலையைக் கேட்கிறது. நான்காவதுதான் முக்கியமானது. காது வேண்டுமா, யோசனை வேண்டுமா என்று கேட்காமல் யோசனை கொடுப்பதால்தான் உங்கள் பத்து அறிவுரைகள் வீணாகின்றன. இதையே பழக்கமாக்க, எழுதுபவர் முதல் வார்த்தையாக "கேளுங்க" அல்லது "யோசனை" என்று போடலாம். மனதைத் திசைதிருப்ப மட்டும் வேண்டுமென்றால் "பேச்சு மாத்துங்க".

"கேளுங்க" என்று போட்டிருந்தால் அடுத்து வருபவர்களும் அதே வழியில் போக வேண்டும். "யோசனை" என்றால் சொந்த அனுபவத்தைச் சொல்லலாம், இரண்டு மூன்று வரியில், "எனக்கு இது உதவியது" என்ற அளவில். "நீங்க இதைச் செய்யணும்" வேண்டாம். மருந்துப் பெயர், அளவு, "அந்த மாத்திரையை நிறுத்திடுங்க" போன்றவற்றை உடனே நீக்கிவிடுங்கள். நிர்வாகிக்கு அந்த வசதி இருக்கிறது. பணம் கேட்பதும் கொடுப்பதும் அறவே கூடாது. தனிமையில் இருக்கும் முதியவர்களைக் குறிவைத்து இப்படிப்பட்ட குழுக்களுக்குள் நுழைபவர்கள் உண்டு.

சிலர் இப்போது ஆறுதல் வரிகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி ஒட்டுகிறார்கள். கோகோ என்ற இணையவழித் துணைச் சேவை இதைச் சோதித்துப் பார்த்தது. இயந்திரத் துணையோடு எழுதிய பதில்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது, ஆனால் இயந்திரத்தின் கை இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த ஆறுதல் செல்லவில்லை என்று அதன் நிறுவனர் 2023-ல் சொன்னார். பிழையோடு இருந்தாலும் சொந்தமாக எழுதுங்கள் என்பதே என் கட்சி.

மூன்று மாதமாக மேலதிகாரியைப் பற்றியே எழுதுபவருக்கு வருகிறேன். இவருக்கு நீங்கள் தினமும் சொல்லும் "ஐயோ பாவம்" இப்போது உதவவில்லை, அந்தப் புண் ஆறவிடாமல் கிளறுகிறது. ஒரே பிரச்சினையை நண்பர்கள் திரும்பத் திரும்ப அலசுவதை அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002 முதல் ஆராய்ந்துவருகிறார். பதின்வயதுப் பெண்களிடம் அவர் கண்டது இது: அப்படிப் பேசப்பேச நட்பு இறுகுகிறது, கூடவே பதற்றமும் மனச்சோர்வும் ஏறுகின்றன. நட்பு இறுகுவதால்தான் இதை நிறுத்த மனம் வருவதில்லை.

அவரைக் குழுவில் வைத்துக் கண்டிக்காதீர்கள். முறைக்காரர்களில் அவருக்குப் பிடித்த ஒருவர் தனியாகப் பேசட்டும். "ஏன் அவர் என்னை மட்டும் இப்படி நடத்துறார்?" என்பதற்கு முடிவான பதிலே கிடையாது, அது சுழன்றுகொண்டே இருக்கும். "ஏன்" கேள்விகளை "என்ன, எப்போ, எப்படி" என்று மாற்றுங்கள்: "நேத்திக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?" "அவர் பேசினப்போ பக்கத்துல யார் இருந்தாங்க?" "அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" குழுவில் இந்த விஷயத்துக்கு வாரத்தில் ஒரு நாள் என்று அவரோடு பேசி ஒத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் 15 நிமிடம் தனக்காக மட்டும் எழுதலாம், யாருக்கும் காட்ட வேண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில், மனதைக் காயப்படுத்தியதைப் பற்றி எழுதச் சொன்னதும் அவ்வளவுதான், நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள். எழுதி முடித்த உடனே மனம் கொஞ்சம் கனக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலும் ஆர்வமில்லாமலோ, சோர்ந்து நம்பிக்கையற்றோ இருந்தாரா? மருத்துவர்கள் மனச்சோர்வைச் சந்தேகிக்கக் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் இவைதான். ஆமாம் என்றால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் இன்னும் உறுதியாக, அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழு கூடவே இருக்கலாம், மருத்துவருக்குப் பதிலாக இருக்க முடியாது. "டாக்டரைப் பாருங்க" என்று எழுதிவிட்டு ஒதுங்கினால் கைகழுவியதுபோல் ஆகும். நேரம் வாங்க உதவி, போய்வந்த மாலை "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதுவரை செய்யுங்கள்.

காலை வணக்கப் படங்களுக்குக் கோபப்படாதீர்கள். தட்டச்சு கஷ்டமான ஒருவருக்கு "நான் இருக்கேன், நீங்க இருக்கீங்களா?" என்று கேட்க அதுதான் எளிய வழி. படங்களுக்கென்று தனி அறை ஒன்றைத் திறந்து, அனுப்பியவரிடம் இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "நேத்து ராத்திரி தூக்கம் எப்படி இருந்துச்சு?" வழக்கமாக அனுப்புபவரிடமிருந்து இரண்டு நாள் படம் வராவிட்டால், முறைக்காரர் போன் செய்து பார்க்கட்டும்.

ரகசியம் பற்றிச் சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் செய்தி வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால் கசிவது வழியில் இல்லை, கையில்: ஸ்கிரீன்ஷாட், வீட்டில் எல்லாரும் எடுக்கும் போன், பூட்டுத் திரையில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பு. எனவே குழுவின் பெயர் சாதாரணமாக இருக்கட்டும். "மன அழுத்த நண்பர்கள்" என்று அலுவலக மேசையில் கிடக்கும் போனில் மின்னக் கூடாது. அறிவிப்பில் செய்தி தெரியாதபடி அமைக்க எல்லாருக்கும் கற்றுக்கொடுங்கள். செய்திகள் தானாக மறைய 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அமைக்கலாம். பெரியவர்கள் அறைகளுக்கு 7 நாள் போதும். சிறுவர்கள் அறையில் அதைப் போட வேண்டாம், அங்கே தப்பு நடந்தால் ஆதாரம் தேவைப்படும். அழைப்பு இணைப்பை ரத்து செய்துவிட்டு, நிர்வாகி ஒப்புதல் தந்தால்தான் சேரலாம் என்று மாற்றுங்கள்.

இரவில் மனம்திறந்து கொட்டியவர்கள் காலையில் வெட்கப்பட்டு, எழுதியதை அழித்துவிட்டுக் குழுவை விட்டே வெளியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். முகம் தெரியாத இடத்தில் நினைத்ததைவிட அதிகம் சொல்லிவிடுவோம், அது இணையத்தின் இயல்பு. மறுநாள் முறைக்காரர் தனியாக ஒரு வரி அனுப்பினால் பலர் தங்கிவிடுவார்கள்: "நேத்து நீங்க சொன்னதுல சங்கடப்பட ஒண்ணுமே இல்லை."

கடைசியாக நீங்கள். இரவு பத்து மணிக்குக் குழுக்களின் ஒலியை நிறுத்திவிட்டு, போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். இருவர் மாற்றி மாற்றி ஒரு வாரம் பொறுப்பு, ஒரு வாரம் ஓய்வு. வாரம் ஒருமுறை பொறுப்பாளர்கள் மட்டும் இருபது நிமிடம் போனில் பேசுங்கள்: எந்தச் செய்தி மனதை அரித்தது, எதற்குப் பதில் தவறியது. செய்தி ஒலி கேட்டதும் எரிச்சல் வந்தாலோ, அடுத்தவர் துயரத்தைப் படித்து எதுவுமே தோன்றாமல் போனாலோ, ஒரு மாதம் விலகி இருங்கள். அதற்குக் குழுவிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நாளை காலை குழுவில் இதைப் போடலாம், உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள்: "நாம் 58 பேர் ஆகிவிட்டோம், யாருடைய செய்தியும் பதிலில்லாமல் போகக் கூடாது என்பதால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிகிறோம். எந்த அறை வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஒருவரின் எண்ணும் அதோடு வேண்டும். இரவு 10 முதல் காலை 7 வரை நாங்கள் யாரும் போனைப் பார்க்க மாட்டோம். அந்த நேரத்தில் தாங்க முடியாமல் இருந்தால் குழுவின் விவரக் குறிப்பில் உள்ள உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், காலையில் எங்களுக்கும் சொல்லுங்கள்." அந்த மாணவியிடமும் அவள் வீட்டாரிடமும் இதற்கு முன்பே, இன்றே பேசிவிடுங்கள்.